மாதம் முன்னால், நாள் பின்னால்

பன்னிரண்டாம் தேதி, மார்ச் மாதம்
ஞாயிறு காலை

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். குழந்தை என்று கை தானாக எழுதிவிட்டது. ஆறு வருடத்தில் அவள் உன் தோளுக்கு வந்திருப்பாள்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். மூன்று முறை உன் எண்ணைப் போட்டேன். மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நாம் இருவரும் எங்கே போய் நிற்போம் என்று உனக்கும் தெரியும்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம், அதே ஜன்னல், அதே மேஜை. கடைசி நாளில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவளுக்குக் கடிகாரம். ஏழெட்டு மாதம் அலமாரியை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். பிறகு ஒருநாள் நூலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொடக்க நிலை மாணவர்களுக்கு டிஜிட்டல் புகைப்பட அறிமுகம், சனிக்கிழமை தோறும், பதினாறு வாரம். மாணவர்கள் என்ற சொல்லைப் பார்த்துத் தயங்கினேன். பேர் எழுதிக்கொள்ளும் பெண், "வயசு வரம்பெல்லாம் கிடையாதும்மா" என்றாள். அவள் சொன்ன விதத்திலேயே ஒரு வரம்பு இருந்தது. அதற்காகவே சேர்ந்தேன்.

வகுப்பில் ஒன்பது பேர். ஒரு பல் டாக்டர் இருக்கிறார்; எதிரே வருகிறவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார். லிப்ட் பழுது பார்க்கும் ஒருவர் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் திருகுவது என்று என்னைக் கேட்கிறார். சொல்லிக்கொடுப்பவர் ஒரு தொழிற்சாலையின் பொருள் பட்டியலுக்கு நட்டும் போல்ட்டும் படம் எடுத்துப் பிழைத்தவர். நட்டு மாஸ்டர் என்று பேர் வைத்திருக்கிறோம். அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

முதல் வாரம் கேமராவைப் பிடிப்பது எப்படி என்று பாடம். முழங்கையை விலாவோடு ஒட்டு, மூச்சை விடு, பொத்தானைப் பாதி அழுத்து. பாதி அழுத்தும்போதுதான் எதைத் தெளிவாகக் காட்டுவது என்று கேமரா முடிவு செய்கிறது. முழுக்க அழுத்தினால் எடுத்துவிடும். எனக்கு இந்தப் பாதி வரவே இல்லை. "உங்களுக்கு எல்லாமே முழுசா வேணும் போலம்மா" என்றார் மாஸ்டர். வந்த ஒரு மணி நேரத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

நேற்று இரண்டாவது வகுப்பு. வீட்டுப்பாடப் படங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டார். என்னுடையது சமையலறை ஜன்னல். வியாழக்கிழமை எடுத்தது, மார்ச் ஒன்பது. படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்தில் 03 09 என்று விழுந்திருந்தது. பல் டாக்டர், "செப்டம்பர் மூணா? அதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கே, முன்கூட்டியே எடுத்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் விளக்கினார். இன்று என்ன தேதி என்று கேமராவுக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். நாள் முன்னால் வரவேண்டுமா மாதம் முன்னால் வரவேண்டுமா என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். சில கேமராக்களில் மாதம் முன்னால், நாள் பின்னால்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் மாதத்தை எண்ணால் எழுதவே கூடாது, எழுத்தால்தான் எழுத வேண்டும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதி, யாரோ ஒரு மனிதரை ஐந்து மாதம் முன்னதாகவே சாகடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு வந்த விதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

சின்னவளே, அப்பா போனது ஜூன் ஐந்து. நீ மறுநாள் வந்தாய். எல்லாம் முடிந்த மூன்றாம் நாள், நீ குளிக்கப் போயிருந்தபோது, அப்பாவின் படம் ஏதாவது இருக்குமா என்று உன் வெள்ளிநிறக் கேமராவைத் திறந்தேன். முதலில் ஏதோ கெட்டுப்போன படம், கண்ணாடியும் மங்கலுமாக. தள்ளினேன். அடுத்தது நீ படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். மூலையில் 05 06. ஜூன் ஐந்தாம் தேதி மதியம் மூன்று மணிக்கு என்னை அழைத்து, காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னவள் நீ. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. நீ தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும் நான் பேசியதை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ ஒரு வார்த்தை பேசாமல் கேமராவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாய். பேசாததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு உதவி. அந்தக் கேமரா இன்னும் இருந்தால், திறந்து, தேதி வைக்கும் இடத்தில் எது முன்னால் இருக்கிறது என்று பார்த்து எழுது. ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
அக்கா


7/4
(எது நாள், எது மாதம் என்பதை உன் இஷ்டம்போல் வைத்துக்கொள்.)

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. முதல் வாரம் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. "எத்தனை நாள் அதை முறைச்சிக்கிட்டே இருப்ப, அது என்ன கடிக்கவா போகுது" என்றார் இவர். இரண்டாம் வாரம் படித்தேன். மூன்றாம் வாரம் சார்ஜரைத் தேடினேன். அது மகளின் பழைய பொம்மைப் பெட்டியில் ஒரு கரடிக்குக் கயிறாகிக் கிடந்தது.

கேமரா இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அதில் ஒரு படமும் எடுக்கவில்லை. நீ சொன்னபடி பார்த்தேன். மாதம், நாள், வருடம் என்று வரிசை. 05 06 என்றால் மே ஆறு. அன்று இவருக்குப் பணிமனையில் விடுமுறை, மூன்று பேரும் படகில் போனோம். அப்போது அப்பா நன்றாக இருந்தார், உன் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் விழுந்ததே மே மாதக் கடைசியில்தான். நான் தெருவில் போகிற ஆள் இல்லை, அவர் பெற்ற பெண். படுக்கையில் அவர் கிடக்கும்போது படகில் ஏறிச் சிரிப்பேன் என்று உன்னால் நினைக்க முடிந்தது பார்.

உன் ஜன்னலுக்கு வந்து நின்ற ஒருவரையாவது ஆதாரம் கேட்காமல் நீ அனுப்பியது உண்டா? என்னிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. நான் பேசவில்லை என்கிறாய். பேச நீ எங்கே இடம் விட்டாய்?

இரண்டு வருடம் முன்பு மகளுக்குப் பள்ளியில் குடும்பத்தை வரைந்து வரச் சொன்னார்கள். பெரியம்மாவை எப்படி வரைவது என்று கேட்டாள். முதுகை வரை என்றேன். அப்படியே வரைந்தாள், பின்னலோடு.

நான் இப்போதும் அதே மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறேன். கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்கு ஏற்றபடி வில்லைகளை அரைத்து மாட்டுகிற வேலை. அதனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைக்காதே. நீ துடைப்பாய் என்று எனக்குத் தெரியும். முதலில் தூசியை ஊது, பிறகு மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடை. கீறல் விழுந்துவிட்டால் பிறகு எதைப் பார்த்தாலும் அந்தக் கீறலோடுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

தங்கை


பதினைந்தாம் தேதி, ஏப்ரல் மாதம்

அன்புள்ள சின்னவளுக்கு,

தப்பு என்னுடையது. சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஓர் எண்ணைப் பார்த்தேன், எனக்குப் பழகிய வரிசையில் படித்தேன், உன்னை வீட்டை விட்டு அனுப்பினேன். ஆறு வருடம் என் தங்கை இல்லாமல் இருந்தேன், அதுவும் நியாயம் என் பக்கம் என்ற நினைப்போடு. மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதாக எடுத்துக்கொள்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இன்று வகுப்புக்குப் போனேன். லென்ஸுக்குள் இருக்கும் துளையைப் பற்றிப் பாடம். துளைக்கு எண் வைத்திருக்கிறார்கள். எண் கூடக் கூடத் துளை சிறிதாகுமாம். இரண்டு என்றால் ஜன்னல், பதினாறு என்றால் ஊசித்துளை. இப்படி ஒரு கணக்கை எங்கள் அலுவலகத்துக்கு யாராவது கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். துளை பெரிதாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் ஒரே ஒரு தூரத்தில் இருப்பதுதான் தெளிவாக விழும், முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். மேஜை மேல் வரிசையாக ஆறு நட்டுகளை வைத்து எடுத்துக் காட்டினார். மூன்றாவது நட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. லிப்ட்காரர் மற்ற ஐந்தும் தன் கண்ணுக்குத் தெரிகிறது என்று வாதாடினார். எனக்கு வாதாடத் தோன்றவில்லை.

பின்னலைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது அவ்வளவு முடி இல்லை என்று குழந்தையிடம் சொல்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சாக்குச் சொல்வதாக நினைக்காதே. அன்று எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அந்த மதியம், இரண்டு மணி இருக்கும், மருத்துவமனையில் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மருந்து மயக்கத்தில் இருந்தவர் திடீரென்று, "சின்னவ வந்துட்டா" என்றார். "இல்லப்பா, இன்னும் வரல" என்றேன். "கதவுகிட்டயே நிக்கிறா பாரு. உள்ள வரச் சொல்லு" என்றார். நான் நகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போறா" என்றார். மருந்து அப்படித்தான் பேச வைக்கும் என்றாள் நர்ஸ். ஒரு மணி நேரத்தில் உன் அழைப்பு வந்தது, காய்ச்சல் என்று. பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. நாலே முக்காலுக்கு அப்பா போய்விட்டார். வராத மகளை வந்ததாகவே நினைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் அந்தப் படகுப் படத்தைப் பார்த்தபோது அவர் கதவைப் பார்த்தபடி கேட்டதுதான் காதில் விழுந்தது. அதனால்தான் வாய் அவ்வளவு நீண்டது.

ஒலிபெருக்கியைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். நோயாளி இருக்கிற வீட்டுப் பக்கமும் ஒலிபெருக்கி போகும்.

ஊதிவிட்டுத்தான் துடைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


இருபதாம் தேதி, மே மாதம்

அன்புள்ள சின்னவளுக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லைதான். ஆனாலும் தபால்காரர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். என் கடிதத்தில் ஏதாவது உன்னை மறுபடியும் நோகடித்துவிட்டதோ என்று நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஆமாம், நகல் வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

இந்த வாரம் வீட்டுப்பாடம் கடை ஜன்னல்கள். ஒரு தொப்பிக் கடைக்கு முன்னால் நின்று நல்ல நீலத் தொப்பி ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொப்பி கலங்கிப் போயிருக்கிறது, கண்ணாடியில் தெரிந்த என் முகம்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் இருப்பதை எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் கேமரா அப்படித்தான் ஏமாறும் என்றார் மாஸ்டர். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுக்க வேண்டுமாம். கண்ணாடிக்காரிக்கு இதெல்லாம் நான் சொல்வதா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஐந்தாம் தேதி, ஜூன் மாதம்
(எழுத்தால்தான் எழுதியிருக்கிறேன்.)

அக்கா,

அப்பா பிதற்றவில்லை.

இந்த ஒரு வரியை எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. நடுவில் கடையில் ஒருவருக்கு வலது கண் வில்லையை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் படிக்கட்டில் தடுக்கி விழப்போனார். கடைக்காரர், "என்னம்மா ஆச்சு உனக்கு? பதினெட்டு வருஷத்தில இப்படி ஆனதே இல்லையே" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொன்னேன். எதனால் என்று சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அன்று நான் வந்தேன். காலை முதல் பேருந்தில் ஏறி, ஒன்றே முக்காலுக்கு மருத்துவமனையில் இருந்தேன். மூன்றாவது மாடி, இடது பக்கம் கடைசிக் கதவு. மேல் பாதி கண்ணாடி, கீழ்ப் பாதி பச்சை வண்ணம். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். நீ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாய். அப்பாவின் மூக்கில் குழாய், கையில் குழாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் திறந்திருந்தது.

அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நான் மட்டும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் போனாள், போன பிறகும் விரல் விடவில்லை. உன் அலுவலகத்துக்கு ஆள் போய்ச் சொல்லி நீ வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதில்லை, நீ கேட்டதும் இல்லை. நீ வந்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாய். உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் என் மணிக்கட்டு வலித்தது, அக்கா. கதவைத் தள்ள முடியவில்லை.

திரும்பிப் போகிறவள் எதையாவது எடுத்துக்கொண்டாவது போகலாம் என்று பையிலிருந்து கேமராவை எடுத்தேன். நெஞ்சோடு வைத்து ஒரு முறை அழுத்தினேன். பிறகு படியிறங்கிப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நீ கேட்ட ஒலிபெருக்கி அதுதான். காய்ச்சல் என்றது பொய்.

நீ அன்று கத்தியபோது, அது மே மாதப் படம் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். சொல்லியிருந்தால், அப்போ அன்னைக்கு நீ எங்க இருந்த என்று கேட்டிருப்பாய். அதற்குப் பதில் சொல்வதைவிட, படகில் சிரித்தவள் என்ற பேரோடு இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. உன்னை ஆறு வருடம் அந்தத் தப்பான கோபத்திலேயே விட்டுவைத்தேன். போன கடிதத்தில் உன்னை அவ்வளவு திட்டினேனே, அப்போதும் இதை மறைத்துக்கொண்டுதான் திட்டினேன்.

அப்பாவின் கண் மூடியிருந்தது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, நான் வந்ததும் போனதும் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று. அதை நம்பித்தான் இத்தனை நாள் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உள்ள வரச் சொல்லு என்றாராமே. போறா என்றாராமே. நான் போவதையும் பார்த்திருக்கிறார்.

படத்தைக் கடையில் கொடுத்துத் தாளில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இவருக்கும் காட்டியதில்லை. மூலையில் 06 05 என்று இருக்கிறது. நீ மே ஆறு என்று படித்துவிட்டுத் தள்ளிய அந்தக் கெட்டுப்போன படம் இதுதான்.

இன்றோடு ஆறு வருடம். இனி என்ன சொல்வதானாலும் சொல். இந்த முறை வாயை மூடிக்கொண்டு போக மாட்டேன்.

உன் தங்கை


பதினொன்றாம் தேதி, ஜூன் மாதம்
ஞாயிறு

என் சின்னவளுக்கு,

படம் வெள்ளிக்கிழமை வந்தது. மாடிப்படியிலேயே பிரித்துவிட்டேன். உட்கார்ந்துகொள்ள மூன்றாவது படிதான் கிடைத்தது. கீழ்வீட்டுக்காரர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும்வரை அங்கேயே இருந்தேன்.

முதலில் உன் முகம். கண்ணாடியில் விழுந்த முகம், கண்ணிமை வரைக்கும் தெரிகிறது. அழுகிறாய். கேமரா உன்னைத்தான் பிடித்துக்கொண்டது, நாங்கள் இருவரும் பின்னால் கலங்கிப் போயிருக்கிறோம். என் முதுகை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. உன் பெண் சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். என் தோளுக்கு மேலே வெளுப்பாக ஒரு வட்டம், அது அப்பா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் திறந்திருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் முகம் கதவுப் பக்கம் இருக்கிறது. உன் பக்கம்.

அவர் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் திரும்பவில்லை. கழுத்தை இவ்வளவு திருப்பினால் போதும், நீ நிற்பதைப் பார்த்திருப்பேன், எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பேன். சுண்டுவிரல் நகம் ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதை முடித்துவிடலாம் என்று இருந்தேன். எனக்கு எல்லாமே முழுதாக முடிய வேண்டும் அல்லவா.

உன்மேல் கோபம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். மே மாதச் சிரிப்புக்காக நான் பட்ட கோபம் அத்தனையும் வீண். இந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த இரண்டே முக்கால் மணி நேரம் நான் தனியாக இருந்தேன், நீ பதினைந்து அடி தூரத்தில் நின்றுவிட்டுப் போனாய். அதே கையோடு இதையும் எழுதுகிறேன். அம்மாவோடு நீ ஒரு மணி நேரம் தனியாக இருந்தாய். நான் வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அது எனக்கு ஞாபகம்கூட இல்லை, நீ எழுதியதும்தான் பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் கடிகாரத்தைப் பார்த்தேனடி. அந்த ஒரு மணி நேரத்தை எனக்குச் சொல். கேட்கிறேன்.

நேற்று வகுப்புக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் போன பிறகு மாஸ்டரிடம் மட்டும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அசல் ஃபைல் இருந்தா கொண்டு வாங்கம்மா, கம்ப்யூட்டர்ல போட்டு இந்தக் கண்ணாடி நிழலை எடுத்துடலாம், பின்னாடி இருக்கிறவங்க ஓரளவு தெரிவாங்க" என்றார். "அதை எடுத்துட்டா யார் வந்தாங்கன்னு தெரியாதே" என்றேன். அவர் படத்தை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் பதிவேட்டில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. தப்பான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட வேண்டும். அப்பா போன அன்று என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்: மாலை நாலே முக்கால், உடனிருந்தது பெரியவள் மட்டும். இன்று காலை அதை எடுத்து "மட்டும்" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், சின்னவள் வந்திருந்தாள், அப்பா பார்த்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

பதினேழாம் தேதி கடைசி வகுப்பு. மனித முகம் எடுப்பது பாடம். நான் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதே என்னைப் படம் எடுக்கப் பல் டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுநாள், பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நீ வா. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா, பெரியம்மாவுக்கு முகமும் உண்டு என்று அவள் பார்க்கட்டும். முதல் பேருந்தில் ஏறினால் ஒன்றரைக்கு வந்துவிடுவாய். சண்டை போட வேண்டியதை எல்லாம் நேரில் போட்டுக்கொள்வோம்.

இரண்டாவது மாடி, பழைய வீடேதான். கதவைத் திறந்து வைத்திருப்பேன். நாற்காலியை இப்போதே திருப்பிப் போட்டுவிட்டேன். கதவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பேன்.

உன்,
பெரியவள்